அண்ணனுக்க பாலிப் ரிப்போர்ட்டுல டியூபுலோவில்லஸ் அடினோமான்னு இருக்கு, இது கேன்சரா? தம்பி நானும் பாக்கணுமா?

மேல்புறம்_ரப்பர்:

வணக்கம் மக்களே, மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து எழுதுறேன். எனக்க அண்ணனுக்கு 46 வயசு. ரொம்ப காலமா வெளிக்கு போகும்போது ரத்தம் போயிட்டு இருந்துது, மூலம்னு சொல்லி துத்திக்கீரையும் கருணைக்கிழங்குமா தின்னு நாள ஓட்டினாரு, கடைசியில மைனி தான் சத்தம் போட்டு திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனாவ. அங்க கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா குழாய விட்டு பெருங்குடல பாக்குற டெஸ்ட், பண்ணி மூணு பாலிப் (குடலுக்க உள்தோல்ல முளைக்கற சதை) எடுத்திருக்காவ, இப்ப பயாப்சி ரிப்போர்ட் கையில வந்திருக்கு.

அதுல உள்ளது இதான். சிக்மாய்டுல (பெருங்குடலுக்க கீழ்ப்பக்க வளைவு) 14 மி.மீ. காம்பு உள்ள பாலிப், டியூபுலோவில்லஸ் அடினோமா, லோ கிரேடு டிஸ்பிளேசியா, வெட்டுன இடம் கிளியர். வலது பக்கம் அசென்டிங் கோலன்ல 4 மி.மீ., டியூபுலர் அடினோமா. ரெக்டத்துல (மலக்குடல்) 3 மி.மீ., ஹைபர்பிளாஸ்டிக் பாலிப். டாக்டர் மலையாளத்துல வேகமா பேசிட்டு பேடிக்கண்டா மூணு வர்ஷம் கழிஞ்ஞு வந்தா மதின்னு, அதாவது பயப்பட வேண்டாம் மூணு வருஷம் கழிச்சு வந்தா போதும்னு சொல்லிட்டாராம். வீட்டுக்கு வந்தா சித்தப்பா ஒருத்தர் இது கேன்சருக்க ஆரம்பம் தான், கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிடும்னு சொல்லி மைனிய அழ வச்சிட்டாரு. அண்ணன் ராத்திரி தூங்குறதே இல்ல.

எனக்கு தெரிய வேண்டியது, ஒண்ணு இது கேன்சரா இல்லியா, கேன்சர் இல்லேன்னா எதுக்கு மூணு வருஷத்துல திரும்ப வரச் சொல்லணும், கேன்சர்னா எதுக்கு மூணு வருஷம் விடணும்? ரெண்டாவது எனக்கு வயசு 41, எனக்கும் எப்பவாச்சும் ரத்தம் பட்டுது, நானும் மூலம்னு தான் நெனச்சிட்டு இருக்கேன். அப்பா 58 வயசுல வயித்துல கட்டின்னு சொல்லி தீர்ந்து போனாரு, அது என்ன கட்டின்னு அன்னைக்கு யாரும் கேக்கல.

ஸ்லைடு_பாக்கிறவன்:

மேல்புறம் அண்ணே, நான் பாறசாலைக்காரன், திருவனந்தபுரத்துல ஒரு லேப்ல ஹிஸ்டோபேத்தாலஜி (எடுத்த சதைய மைக்ராஸ்கோப்புல பாக்குற பிரிவு) டெக்னீசியன், டாக்டர் கிடையாது. ஆனா இந்த மாதிரி ஸ்லைடு தினமும் கை வழியா போகுது, அதனால ரிப்போர்ட்டுல உள்ள வார்த்தைகள மட்டும் சொல்லித் தாறேன், மத்தது உங்க டாக்டர் கிட்ட.

முதல்ல கேன்சர் இல்ல. அடினோமான்னா பெருங்குடலுக்க உள்தோல்ல உள்ள சுரப்பி செல்லு கட்டுப்பாடு இல்லாம பெருகி உண்டான கட்டி, விட்டா ஒரு நாள் கேன்சரா மாற வாய்ப்பு உள்ள சாதனம், ஆனா இன்னும் மாறல. எல்லா அடினோமாவும் மாறாது, மாறுறது கொஞ்சம் தான், மாறுறதுக்கும் பொதுவா பத்து வருஷமோ அதுக்கு மேலயோ எடுக்கும். அந்த நீண்ட கால அவகாசம் இருக்கறதுனால தான் ஆளுவளுக்கு ஸ்கோப்பு போட்டு எடுத்து விட முடியுது.

இனி வார்த்தைக்கு வருவோம். டியூபுலர்னா மைக்ராஸ்கோப்புல சுரப்பி குழாய் குழாயா தெரியும், வில்லஸ்னா விரல் விரலா நீண்டு நிக்கும். ரெண்டும் கலந்து இருந்தா, அதாவது வில்லஸ் பாகம் 25 சதவீதத்துக்கு மேல 75 சதவீதத்துக்கு உள்ள இருந்தா டியூபுலோவில்லஸ்னு எழுதுவாவ. அடினோமாவுல பெரும்பாலும் வாறது டியூபுலர் தான், அது தான் ரிஸ்க் கொறவு. வில்லஸ் பாகம் கூடக் கூட ரிஸ்க் கூடும்.

அடுத்தது டிஸ்பிளேசியா, இது தான் எல்லாரையும் பயப்படுத்துற வார்த்தை. செல்லுக்க உருவமும் அடுக்கும் மாறி இருக்கறதுக்கு பேரு. அடினோமான்னு சொன்னாலே கொறஞ்சது லோ கிரேடு டிஸ்பிளேசியா இருக்கும், இருந்தா தான் அதுக்கு அடினோமான்னு பேரு, அதனால லோ கிரேடுன்னு எழுதினது தனியா ஒரு கெட்ட சேதி இல்ல. ஹை கிரேடுன்னு எழுதி இருந்தா தான் கேன்சருக்கு ஒரு படி கிட்டன்னு அர்த்தம். உங்க அண்ணனுக்கு ஹை கிரேடு இல்ல.

மூணாவது சைஸ். 5 மி.மீ. வரைக்கும் உள்ளது குட்டி, அதுல கேன்சர் ஒளிஞ்சிருக்கறது ரொம்ப ரொம்ப அபூர்வம். 10 மி.மீ.யோ அதுக்கு மேலயோ இருந்தா அட்வான்ஸ்டு அடினோமான்னு தனிக் கூட்டத்துல சேப்பாவ. வில்லஸ் இருந்தாலும் அதே கூட்டம், ஹை கிரேடு இருந்தாலும் அதே கூட்டம். உங்க அண்ணனுக்கு 14 மி.மீ., அதோட வில்லஸ் பாகமும் இருக்கு, அதான் மூணு வருஷம். அது ரெண்டும் இல்லாம சின்ன டியூபுலர் ஒண்ணோ ரெண்டோ மட்டும் இருந்திருந்தா அமெரிக்காவுல 2020-ல எழுதின கைடுலைன் படி ஏழுல இருந்து பத்து வருஷம் கழிச்சு போனா போதும். மூணு வருஷங்கறது கேன்சர் இருக்குன்னு வச்சு சொன்னது இல்ல, இந்த குடலு பெரிய பாலிப் உண்டாக்குற குடலுன்னு தெரிஞ்சு போச்சு, அதனால அடுத்தது வளர்றதுக்கு முன்ன ஒரு தடவ பாக்கறதுக்கு.

காம்பு இருந்துதுங்கறது நல்லது தான். காளான் மாதிரி நிக்கறதுனால ஒயர் சுருக்க காம்புல மாட்டி ஒரே துண்டா எடுத்திடலாம், எங்களுக்கும் வெட்டுன ஓரத்த பாத்து கிளியர்னு எழுத முடியும். பாய் விரிச்ச மாதிரி பரந்து கெடக்கறத துண்டு துண்டா எடுத்தா ஓரம் சொல்ல முடியாது, 20 மி.மீ. மேல உள்ளத அப்பிடி எடுத்தா ஆறு மாசத்துல திரும்ப பாக்கணும்னு சொல்லுவாவ.

ரெக்டத்துல உள்ள ஹைபர்பிளாஸ்டிக் 3 மி.மீ., அத கணக்குல எடுக்க வேண்டாம். அந்த இடத்துல சின்ன ஹைபர்பிளாஸ்டிக் கேன்சர் ஆகாது, நெறைய பேருக்கு இருக்கும்.

சித்தப்பா சொன்ன கத்தி விஷயம், பாலிப்ப எடுத்ததுனால பரவாது, எடுக்காம விட்டா தான் ரிஸ்க். 1993-ல வந்த நேஷனல் பாலிப் ஸ்டடியில அடினோமா எடுத்த ஆளுவளுக்கு எதிர்பாத்தத விட பெருங்குடல் கேன்சர் 76-ல இருந்து 90 சதவீதம் கொறவா வந்துது. அதே ஆளுவள நெடு நாள் பாத்திட்டு 2012-ல எழுதும்போது அந்த கேன்சர்ல சாவு 53 சதவீதம் கொறவுன்னு வந்துது. இத சித்தப்பாகிட்ட காட்டுங்க, கேக்க மாட்டாரு, இருந்தாலும் காட்டுங்க.

வைத்தியர்_பேரன்:

எனக்க பாட்டனாரு வர்மாணி, நாங்க நாலு தலைமுறையா வைத்தியம் பாக்குற குடும்பம். ஒரு சந்தேகம், இந்த பாலிப்பெல்லாம் நம்ம ஆளுவளுக்கு முன்ன இருந்துதா? கேரளாக்காரன் பீஃப் ஃப்ரையும் புரோட்டாவும் தின்னு தின்னு வரவச்சான், நம்ம ஆளு கஞ்சியும் பயறும் கெழங்கும் மீனும் சாப்பிட்டவன். இப்ப ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் குழாய விட்டு பாக்கறது ஒரு ஏவாரம் மாதிரி ஆயிட்டு. ஒரு வயித்து ஸ்கேனும் ரத்த டெஸ்ட்டும் எடுத்து பாத்தா போதாதா? மூலம்னா மூலத்துக்கு மருந்து சாப்பிட்டு தீரலாம்.

கல்ஃப்_நர்ஸ்:

வைத்தியர் தம்பி, கோவிக்க வேண்டாம், நான் களியக்காவிளை, இப்ப மஸ்கட்டுல எண்டோஸ்கோபி ரூம்ல நிக்கிறேன், உங்க கேள்வி நல்ல கேள்வி தான், ஆனா பதில் கொஞ்சம் நீளும்.

வயித்து ஸ்கேன்ல பாலிப் தெரியாது, ஈரலு கிட்னி பித்தப்பை பாக்கறதுக்கு உள்ளது அது, குடலுக்குள்ள காத்தும் மலமும் கெடக்கும்போது 8 மி.மீ. பாலிப்ப அதுல எப்பிடி பாக்க முடியும். ஸ்கேன் நார்மல், அதனால குடலும் நார்மல்னு நெனச்சு வாறவங்க நெறைய. ரத்தத்துல பாக்கற சி.இ.ஏ. டெஸ்ட்டும் இதுக்கு ஆகாது, கேன்சர்னு தெரிஞ்ச பெறவு சிகிச்சை எப்பிடி போவுதுன்னு பாக்க உள்ளது அது, பாலிப்ப கண்டுபிடிக்க இல்ல. மலத்துல ஒளிஞ்சிருக்கற ரத்தம் பாக்கற ஃபிட் டெஸ்ட் உண்டு, மனுஷ ரத்தத்த மட்டும் புடிக்கறதுனால சாப்பாட்டுனால குழம்பாது, நோய்க்குறி ஒண்ணும் இல்லாத ஆளுவளுக்கு வருஷா வருஷம் போட்டா பிரயோஜனம் உண்டு, ஆனா ரத்தம் ஒழுகாத பாலிப்ப அது தவற விடும். கண்ணால ரத்தம் பாத்த ஆளுக்கு அந்த டெஸ்ட்டே வேண்டாம், நேரா ஸ்கோப்பு தான்.

பாலிப்புக்கு பொதுவா நோய்க்குறியே கெடையாது, இது தான் பாடு. பெருசானா தான் ரத்தம் போகும், இல்லேன்னா உள்ள பைய கசிஞ்சு இரும்புச்சத்து கொறஞ்சு சோகையா காட்டும். ஆம்பளைக்கு காரணம் இல்லாம ஹீமோகுளோபின் கொறஞ்சா குடல பாக்காம மாத்திரை மட்டும் குடுக்கக் கூடாது. பெரிய வில்லஸ் பாலிப் உள்ள சில பேருக்கு சளி மாதிரி நெறைய போகும், பொட்டாசியம் கூட கொறஞ்சு போகும், அது அபூர்வம்.

சாப்பாட்டுக்கு வருவோம், நீங்க பீஃப சொன்னது முழுக்க பொய் இல்ல. உலக சுகாதார நிறுவனத்துக்க கேன்சர் பிரிவு 2015-ல சாசேஜ் பேக்கன் மாதிரி பதப்படுத்தின இறைச்சிய கேன்சர் உண்டாக்கும்னு உறுதியான கூட்டத்துலயும், மாடு ஆடு பன்னி மாதிரி சிவப்பு இறைச்சிய அதுக்கு அடுத்த கூட்டத்துலயும் போட்டாவ. பதப்படுத்தினது தினம் 50 கிராம் தின்னா ரிஸ்க் 18 சதவீதம் கூடும்னு கணக்கு. ஆனா அது ஒண்ணு மட்டும் இல்லியே, பீடி சிகரெட், சாராயம், வயிறு தள்ளினது, சுகர், உக்காந்தே வேலை, நார்ச்சத்து கொறவு, இதெல்லாம் சேரும். கஞ்சியும் பயறும் சாப்பிட்ட பாட்டனாரு தோட்டத்துல மேடு ஏறி எறங்கி வேலை செஞ்சாரு, இன்னைக்கு அதே கெழங்க தின்னுட்டு கடையில உக்காந்து இருக்கோம். பீஃபே தொடாத ஆளுவளுக்கும் எங்க ரூம்ல பாலிப் எடுத்திருக்கு, ஏன்னா மாத்த முடியாத காரணம் தான் பெருசு: வயசு, ஆம்பளையா இருக்கறது, சொந்த ரத்தத்துல யாருக்காச்சும் வந்தது. 2021-ல அமெரிக்காவுல சாதாரண ஆளுக்கு ஸ்கிரீனிங் தொடங்குற வயச 50-ல இருந்து 45-ஆ கொறச்சதும் சின்ன வயசுல கூட வாறதுனால தான். இந்தியாவுல வாய், மார்பு, கர்ப்பப்பை வாய்க்கு அரசு ஸ்கிரீனிங் உண்டு, குடலுக்கு அப்பிடி தேசிய அளவுல ஒண்ணும் கெடையாது, அதனால நம்மளா தான் போய் கேக்கணும்.

மேல்புறம் தம்பி, இப்ப உங்க விஷயம். அண்ணனுக்கு 60 வயசுக்கு உள்ள அட்வான்ஸ்டு அடினோமா வந்திருக்கு, அப்பிடின்னா கூடப் பொறந்தவங்களும் பிள்ளையளும் 40 வயசுல, இல்லேன்னா அண்ணனுக்கு வந்த வயசுக்கு பத்து வருஷம் முன்ன, இதுல எது முதல்ல வருதோ அப்ப பாக்கணும்னு கைடுலைன். அண்ணன் 46, பத்து கழிச்சா 36. உங்களுக்கு 41. அதாவது காலம் தாண்டியாச்சு. அதுக்கு மேல உங்களுக்கு ரத்தம் வேற படுது, இது ஸ்கிரீனிங் கணக்கே இல்ல, நோய்க்குறி கணக்கு, சீக்கிரம் போங்க. நார்மல்னு வந்தாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க.

அப்பாவுக்க பழைய பேப்பர் ஏதாச்சும் இருந்தா தேடுங்க, டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் செஞ்சிருந்தா பயாப்சி பேப்பர், ஒண்ணும் இல்லேன்னா கூட இருந்து பாத்த அத்தைமார்கிட்ட கேளுங்க. குடும்பத்துல பொம்பளையளுக்கு யாருக்காச்சும் 50 வயசுக்கு முன்ன கர்ப்பப்பை கேன்சர் இருந்துதான்னும் கேளுங்க, லிஞ்ச் சின்ட்ரோம்னு ஒண்ணு உண்டு, அது குடலையும் கர்ப்பப்பையையும் சேத்து புடிக்கற பரம்பரை விஷயம், அதுல பாலிப் கேன்சர் ஆகறது பத்து வருஷமெல்லாம் காத்திருக்காது, ஸ்கோப்பு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க போடணும். வேற ஒரு பரம்பரை விஷயம் எஃப்.ஏ.பி., அதுல பள்ளிக்கூடத்து வயசுலயே நூறு கணக்குல பாலிப் வரத் தொடங்கும், உங்க அண்ணனுக்கு மூணு தானே, அத நெனச்சு பேடிக்க வேண்டாம்.

தூத்தூர்10:

எல்லாரும் நல்லா எழுதி இருக்கியள். ஃபுட்பால்காரர் பேலே கூட பெருங்குடல் கேன்சர்ல தான் போனாரு, 2021-ல வலது பக்க பெருங்குடல்ல கட்டி எடுத்தாவ, 2022 டிசம்பர் 29-ல போயிட்டாரு, 82 வயசு. அந்த வேர்ல்டு கப்பு முடிஞ்சு ரெண்டு வாரம் கூட ஆவல, எங்க ஊர்ல ப்ளக்ஸ் வச்சு மெழுகுவர்த்தி கத்திச்சு அழுதாவ. ஓடி ஆடினவருக்கும் வருதுன்னா நமக்கு என்ன.

ஒரு கேள்வி. எனக்க மாமா கடல்ல போற ஆளு, நல்லா பீடி இழுப்பாரு, அவருக்க ரிப்போர்ட்டுல வலது பக்கம் 12 மி.மீ. செசைல் செர்ரேட்டட் லீஷன், டிஸ்பிளேசியா இல்லன்னு போட்டிருக்கு. டிஸ்பிளேசியா இல்லன்னா அடினோமாவ விட நல்லதுன்னு தானே அர்த்தம்?

ஸ்லைடு_பாக்கிறவன்:

தூத்தூரே, அப்பிடி இல்ல. செர்ரேட்டட்னா மைக்ராஸ்கோப்புல ரம்பப் பல்லு மாதிரி தெரியற பாலிப், அது வேற வழியில போற ஜாதி. அதுல டிஸ்பிளேசியா இல்லாமலே ரிஸ்க் உண்டு, டிஸ்பிளேசியா வந்திட்டா அதுக்கு மேல வேகமா போகும்னு கணக்குல வைக்கணும். அடினோமாவுல பொதுவா ஏ.பி.சி.ங்கற ஜீன் முதல்ல கெட்டு போகும், இதுல பிராஃப்ங்கற ஜீன். கூடுதலும் வலது பக்கம் வரும், பரந்து கெடக்கும், சுத்தி உள்ள தோலுக்க அதே நிறம், ஓரம் எங்க முடியுதுன்னு தெரியாது, மேல சளி மூடி இருக்கும். பாத்து பழகின டாக்டர் கண்ணுக்கே தப்பும். பீடி சிகரெட்டுக்கும் இதுக்கும் நல்ல தொடர்பு உண்டு, அதனால மாமாகிட்ட அத விடச் சொல்லுங்க. 10 மி.மீ. மேல உள்ளதுனால அவருக்கும் மூணு வருஷம் தான் சொல்லுவாவன்னு நெனைக்கேன், எத்தனை துண்டா எடுத்தாவன்னு பாருங்க.

இன்னொண்ணு, இடது பக்கம் மட்டும் பாக்குற சின்ன ஸ்கோப்பு போதும்னு சில இடத்துல சொல்லுவாவ, செலவும் கொறவு. 1985 ஜூலையில அமெரிக்க ஜனாதிபதி ரீகனுக்கு நடந்தத சொல்லுறேன். கீழ் பக்கத்துல ஒரு சின்ன பாலிப் இருந்துது, அத எடுக்க வந்தவரு முழு கொலோனோஸ்கோபி பண்ணினதுல வலது பக்க கடைசியில சீக்கத்துல பெரிய வில்லஸ் கட்டி ஒண்ணு கெடந்துது, மறுநாளே ஆபரேஷன் பண்ணி எடுத்து சோதிச்சா அதுக்குள்ள கேன்சர். கீழ மட்டும் பாத்து நிறுத்தி இருந்தா அது அங்கயே கெடந்திருக்கும். மனுஷன் அதுக்கு பெறவு 93 வயசு வரை இருந்தாரு.

நாகர்கோவில்_டீச்சர்:

டெஸ்ட்டுக்கு பயப்படுறவங்களுக்காக எழுதுறேன். ஸ்கோப்பு ஒண்ணும் இல்ல, மயக்க ஊசி போட்டாவ, கண்ண முழிச்சா முடிஞ்சு போச்சு, காத்து நெறைய அடைச்சு வயிறு கொஞ்சம் உப்பி இருந்துது அவ்வளவு தான். பாடு எல்லாம் முந்தின நாள் ராத்திரி. குடல கழுவுற அந்த பவுடர ரெண்டு லிட்டர் தண்ணியில கலக்கி குடிக்கணும், உப்பும் எலுமிச்சையுமா ஒரு ருசி, பிரிட்ஜுல வச்சு குளுந்த பெறவு ஸ்ட்ரா போட்டு இழுத்தா கொஞ்சம் எறங்கும். பாதி ராத்திரி, பாதி விடியக்காலம்னு பிரிச்சு குடிக்கச் சொன்னாவ, அது தான் நல்லா சுத்தமாகும்னு சொல்லி. பாத்ரூம் பக்கத்துலயே இருந்துகிடுங்க, வீட்டுல ஒரே பாத்ரூம்னா மத்தவங்கள அன்னைக்கு அம்மை வீட்டுக்கு அனுப்பிடுங்க, சும்மா சொல்லல.

ரெண்டு நாள் முன்னாடியே நார் உள்ளதெல்லாம் நிறுத்தணும், கீரை, பயறு, கொய்யா, தக்காளி விதை, மட்ட அரிசி சோறு கூட வேண்டாம்னாவ, வெள்ள அரிசி கஞ்சி தெளிவு, மோரு, இளநீ. சிவப்பு கலர் ஜூஸ் குடிக்கப்பிடாது, உள்ள ரத்தம் மாதிரி தெரியும். வேடிக்கை என்னன்னா மத்த நாள் முழுக்க நார்ச்சத்து சாப்பிடுங்கன்னு சொல்லுற டாக்டரே அன்னைக்கு நார தொடாதேங்காரு. எனக்கு முன்ன போன ஒருத்தர் ராத்திரி பசிக்குன்னு ரெண்டு ஆப்பமும் கடலக்கறியும் சாப்பிட்டிட்டு வந்து, உள்ள ஒண்ணும் தெரியலன்னு திருப்பி அனுப்பிட்டாவ, திரும்பவும் மொதல்ல இருந்து அந்த பவுடர்.

எனக்கு ஒரு குட்டி டியூபுலர் தான், எடுத்தாச்சு. வீட்டுல சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா ஆர்.சி.சி.க்கு (திருவனந்தபுரத்துல உள்ள கேன்சர் ஆஸ்பத்திரி) போறியளான்னு கேட்டு மூஞ்சிய பாத்தாவ. நம்ம பக்கம் அந்த மூணு எழுத்த கேட்டாலே ஜாதகம் முடிஞ்சு போச்சுன்னு நெனப்பு, அதனாலயே நெறைய பேரு ஸ்கோப்பு வரைக்கும் போறதில்ல.

வைத்தியர்_பேரன்:

நர்ஸ் அக்கா சொன்னது புரிஞ்சுது. மருந்து சாப்பிட்டு மூலத்துல ரத்தம் நின்னா அப்ப மூலம் தான்னு உறுதி ஆகாதா, அத மட்டும் சொல்லுங்க. எங்ககிட்ட வாறதுல பாதிப் பேரு இந்த ஒரு காரியத்துக்கு தான் வாறாவ.

கல்ஃப்_நர்ஸ்:

ஆகாது தம்பி. பாலிப்புல இருந்து வாற ரத்தமும் விட்டு விட்டு தான் வரும், கொஞ்ச நாள் தானா நிக்கும், அந்த நேரம் என்ன சாப்பிட்டிருந்தாலும் அதுக்கு பேரு கெடைக்கும். மூலமும் பாலிப்பும் ஒரே ஆளுக்கு சேந்தும் இருக்கும், அப்ப மூலத்த பாத்ததும் காரணம் கெடைச்சாச்சுன்னு நிறுத்திடுவோம். உங்ககிட்ட வாறவங்கள நீங்க விரட்ட வேண்டாம், மருந்து குடுங்க, கூடவே 40 வயசு தாண்டினவங்ககிட்டயும் வீட்டுல யாருக்காச்சும் குடல்ல கட்டி இருந்தவங்ககிட்டயும் ஒரு ஸ்கோப்பு பாத்திட்டு வான்னு சொல்லுங்க. டாக்டர் சொன்னா கேக்காத ஆளுவ வைத்தியர் சொன்னா கேப்பாவ. மலம் வழக்கத்துக்கு மாறா ஒல்லியா போகுது, இல்ல வயிறு ஒரு மாசமா வேற மாதிரி இருக்கு, எடை கொறையுது, இதுல எது சொன்னாலும் மருந்துக்கு முன்ன அனுப்பிடணும்.

மேல்புறம்_ரப்பர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அண்ணன பக்கத்துல உக்கார வச்சு ஸ்லைடு தம்பி எழுதினத வரி வரியா வாசிச்சு காட்டினேன், மைனியும் கேட்டாவ. லோ கிரேடுன்னா எல்லா அடினோமாவுலயும் உள்ளது தான்னு கேட்டதும் தான் அவருக்கு மூச்சு வந்துது. சித்தப்பாவ இனி நான் பாத்துகிடுறேன்.

அத்தைகிட்ட கேட்டேன். அப்பாவுக்கு கடைசியில மலம் போகாம வயிறு வீங்கி ஆபரேஷன் பண்ணி வயித்துல பை வச்சிருந்தாவளாம், பேப்பர் ஒண்ணும் இல்ல, ஆனா குடல்ல தான் கட்டின்னு அத்தை உறுதியா சொல்லுதாவ. கர்ப்பப்பை விஷயம் யாருக்கும் இல்லன்னாவ. அண்ணனுக்கு 17 வயசுல ஒரு மோன் உண்டு, அவனுக்கு இப்பவே பாக்கணுமா? அண்ணன் எப்ப இருந்து ரப்பர் பால் வெட்ட போலாம், காலைல நாலு மணிக்கு எந்திச்சு மேடு ஏறணும். நானும் நாகர்கோவில்ல அப்பாயின்மென்ட் கேட்டிருக்கேன், எனக்கு ஹீமோகுளோபின் 10.8, குடும்ப டாக்டர் அயன் மாத்திரை எழுதி தந்தாரு, அது ஓடிட்டு இருக்கு.

கல்ஃப்_நர்ஸ்:

அப்பாவுக்கு பை வச்சது குடல் அடைச்சதுக்குன்னு தான் தோணுது, பேப்பர் இல்லேன்னாலும் இத அப்பிடியே உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, அத்தை சொன்னதுன்னும் சேத்து சொல்லுங்க. அப்பாவும் அண்ணனும்னு ரெண்டு பேரு ஆயிட்டதுனால பரம்பரை டெஸ்ட் வேணுமான்னு ஒரு வார்த்தை கேளுங்க, அண்ணனுக்கு அடுத்த ஸ்கோப்பு எப்பங்கறதையும் அவருக்க டாக்டர் இத கேட்டிட்டு மாத்தலாம். மோனுக்கு இப்ப வேண்டாம், பரம்பரை விஷயம்னு டெஸ்ட்டுல ஒண்ணும் வரலேன்னா 36 வயசுல, அதுக்கு முன்ன ரத்தம் கண்டா அப்ப. நீங்க இன்னைக்கே அவனுக்க நோட்டுல எழுதி வச்சிடுங்க, உங்க அப்பாவுக்க பேப்பர் மாதிரி காணாம போகாம அண்ணனுக்க ரிப்போர்ட்டையும் லேமினேட் பண்ணி வையுங்க.

10.8-ங்கறது 41 வயசு ஆம்பளைக்கு கொறவு. அப்பாயின்மென்ட்ட தள்ளிப் போடாம ஹீமோகுளோபின் சீட்ட காட்டி முன்னாடி எடுங்க. அயன் மாத்திரை ஓடுறத கட்டாயம் சொல்லணும், அது மலத்த கறுப்பா கெட்டியாக்கி குடல்ல ஒட்டும், உள்ள சுத்தமாகாது, பொதுவா ஒரு வாரத்துக்கு முன்ன நிறுத்தச் சொல்லுவாவ. ரத்தம் உறையாம இருக்க உள்ள மாத்திரை, சுகர் மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறியளா, அதுவும் சொல்லணும், நீங்களா நிறுத்தப்பிடாது.

அண்ணன் காரியம், பெரிய பாலிப் எடுத்தா ரெண்டு வாரம் வரைக்கும் அந்த இடத்துல இருந்து ரத்தம் வர வாய்ப்பு உண்டு. அது கழியற வரை மேடு ஏறுறது, பாரம் தூக்குறது, தூர பயணம் எல்லாம் டாக்டர் சரின்னு சொன்ன பெறவு போதும், வெட்டு வேற ஆளுவச்சு நடத்துங்க. கட்டி கட்டியா ரத்தம் போனா, இல்ல வயிறு பலகை மாதிரி கெட்டியா வலிச்சு காய்ச்சல் அடிச்சா ராத்திரின்னு பாக்காம எடுத்த ஆஸ்பத்திரிக்கே ஓடணும், ஊர்ல ஊசி போட்டு பாக்க நிக்கப்பிடாது.

ஸ்லைடு_பாக்கிறவன்:

ஒண்ணு விட்டு போச்சு. உங்க ஸ்கோப்பு முடிஞ்சதும் ரிப்போர்ட்டுல ரெண்டு விஷயம் எழுதி இருக்கான்னு பாத்து வாங்குங்க, சீக்கம் வரைக்கும் போனாவளா, குடல் சுத்தமா இருந்துதா. சீக்கத்துக்க போட்டோவும் கூட வைப்பாவ. சுத்தம் போதலன்னு எழுதி இருந்தா அஞ்சு வருஷ கணக்கு செல்லாது, ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப போடணும்.

மேல்புறம்_ரப்பர்:

செரி. வர்ற வியாழன் நாகர்கோவில் போறேன். டீச்சர், அந்த பவுடர்ல எலுமிச்சை ருசி இல்லாதது கெடைக்குமா?

நாகர்கோவில்_டீச்சர்:

ஆரஞ்சு உண்டு. அதுவும் எலுமிச்சை மாதிரி தான் இருக்கும்.